தாடி இருக்க, மாஸ்க் நிற்குமா?

கார்த்திகை பிறந்ததும் மாலை போட்டுக்கொள்ளும் ஐயப்ப பக்தர், அதைக் கழற்றும்வரை முகத்தில் கத்தி படவிடமாட்டார். பத்துமலையில் காவடி எடுப்பவர்களில் பலரும் விரத நாள்களில் அப்படித்தான். மனைவி வாயும் வயிறுமாக இருக்கையில் சவரம் செய்யாத கணவர்மார் உண்டு. வீட்டில் துக்கம் விழுந்தால் கருமாதிவரை தாடியோடு இருக்கும் மகன்கள் உண்டு. அம்பாங் ஆகட்டும், கிள்ளான் ஆகட்டும், பிரிக்ஃபீல்ட்ஸ் ஆகட்டும், தமிழ் ஆண்களின் முகம் ஆண்டு முழுக்க ஒரே முகமாக இருப்பதில்லை.

மாஸ்க் வழியே காற்றை அழுத்தத்தோடு செலுத்தும் சீபேப் கருவியை இரவில் மாட்டிக்கொண்டு தூங்குபவருக்கு இது சின்ன விஷயமல்ல. மழித்த முகத்துக்கு அளவு பார்த்து வாங்கிய மாஸ்க், தாடி அடர்ந்த மூன்றாம் வாரத்தில் காற்றைக் கசியவிடத் தொடங்கும். கசியும் காற்று கண்ணில் அடிக்கும், வாய் உலரும், பக்கத்தில் படுத்திருப்பவருக்குப் பழைய குறட்டையே தேவலை என்று தோன்றும். சில நாளில் கருவி அலமாரிக்குப் போய்விடும்.

தூக்கத்தில் தொண்டை மூடும்போது

உறக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப்பாதை அடைபடுவதுதான், சீபேப் தேவைப்படும் ஸ்லீப் அப்னியா நோய். அடைப்பு 10 விநாடியாவது நீடித்தால் கணக்கில் வரும். முழு அடைப்பும் பாதி அடைப்புமாக மணிக்கு 5 முதல் 15 முறை என்றால் லேசானது, 15 முதல் 30 என்றால் நடுத்தரம், அதற்கு மேல் கடுமை. மணிக்கு 30 முறை என்றால் இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை மூச்சு தடைப்படுகிறது. ஒவ்வொரு முறையும் ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்க, மூளை உலுக்கி எழுப்புகிறது. காலையில் அவருக்கு எதுவும் நினைவிருக்காது. தலை கனக்கும், எம்.ஆர்.ஆர். 2 நெடுஞ்சாலை நெரிசலில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே கண் சொருகும். மாத்திரை போட்டும் ரத்த அழுத்தம் இறங்காது.

‘டிஸ்கோ டான்சர்’ படத்துக்கு இசையமைத்த பப்பி லஹிரி 2022 பிப்ரவரி 15 அன்று மும்பையில் தமது 69ஆம் வயதில் காலமானபோது, மருத்துவமனை சொன்ன காரணம் இந்த நோய்தான். குறட்டையைக் கேலிப்பொருளாக மட்டுமே பார்த்துப் பழகிய பலருக்கு அந்தச் செய்தி புதிதாக இருந்தது.

மலேசியாவில் இது அரிய நோயுமல்ல. 30 முதல் 70 வயதுக்குள் இருப்பவர்களிடம் எடுக்கப்பட்டு 2007இல் வெளியான ஓர் ஆய்வில், ஏறத்தாழ பாதிப் பேர் வழக்கமாகக் குறட்டை விடுவதாகத் தெரிந்தது. உடல் பருமன் இந்த நோயின் முதல் கூட்டாளி. 2019ஆம் ஆண்டு தேசிய உடல்நல ஆய்வில், நாட்டின் பெரியவர்களில் பாதிப் பேர் அளவுக்கு மீறிய எடையோடு இருந்தார்கள். இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்கள் முன்னணியில். பெருமைப்படக்கூடிய முன்னணி அல்ல.

தாடிக்கு இங்கே இன்னொரு வேலையும் உண்டு. உள்வாங்கிய சிறிய தாடை இந்த நோய்க்கு ஒரு முக்கியக் காரணம். அடர்ந்த தாடி அதை அழகாக மறைத்துவிடும். கழுத்துச் சுற்றளவு 40 சென்டிமீட்டரைத் தாண்டியிருக்கிறதா என்று நாடாவால் அளப்பதோடு, தாடியை ஒதுக்கித் தாடை எலும்பையும் மருத்துவர் தொட்டுப் பார்ப்பது நல்லது.

பசை போட்டு ஒட்டிய காலம்

சீபேப்பைக் கண்டுபிடித்த ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன், அதற்கு முன் டொரோண்டோவில் நாய்களின் தூக்கத்தை ஆராய்ந்தவர். நாய் மூக்குக்கு மாஸ்க் செய்த அனுபவத்தோடு சிட்னி திரும்பி, 1980 ஜூனில் ஒரு நோயாளியின் மூக்கில் காற்றை அழுத்தத்தோடு செலுத்திப் பார்த்தார். மூடிய தொண்டை திறந்தது. 1981இல் ‘லான்செட்’ இதழில் ஐந்து நோயாளிகளின் விவரம் வெளியானது. அப்போதைய காற்றுப் பெட்டி, வேக்கம் கிளீனர் மோட்டாரைத் திருப்பிப் பூட்டியது போன்ற ஒன்று. மாஸ்க்கை ஒவ்வோர் இரவும் சிலிக்கோன் பசையால் முகத்தில் ஒட்டி, காலையில் உரித்தெடுக்க வேண்டும். தாடிக்காரர் அதை எப்படித் தாங்கியிருப்பார் என்று நினைக்கவே தோல் எரிகிறது.

இன்றைய மாஸ்க்குகள் ஒட்டுவதில்லை. சிலிக்கோன் மெத்தையின் மெல்லிய விளிம்பு காற்றில் உப்பித் தோல்மேல் படிகிறது. அந்த விளிம்புக்கும் தோலுக்கும் நடுவே முடி புகுந்தால் காற்று வழி கண்டுபிடித்துவிடும்.

விளிம்பு எங்கே விழுகிறது?

அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்பு நிறுவனமான நையோஷ், 2017இல் ஒரு படம் வெளியிட்டது. விதவிதமான தாடி மீசைகளை வரிசையாக வரைந்து, தூசி வடிகட்டும் மாஸ்க்கோடு எது ஒத்துப்போகும், எது போகாது என்று காட்டிய படம். கோவிட் காலத்தில் அது உலகமெல்லாம் சுற்றியது. அதன் அடிப்படை எளிது: முகத்தில் எவ்வளவு முடி இருக்கிறது என்பது கேள்வியல்ல, விளிம்பு விழும் கோட்டில் முடி இருக்கிறதா என்பதே கேள்வி.

சீபேப் மாஸ்க்குக்கும் இதே கணக்குத்தான், ஒரு சலுகையோடு. என்95 மாஸ்க் கசிந்தால் கிருமி உள்ளே வரும். சீபேப்பில் காற்று வெளியேதான் போகிறது. கருவி அதை உணர்ந்து கூடுதல் காற்றைத் தள்ளி ஓரளவு ஈடுகட்டும். மூச்சில் வரும் கரியமிலவாயு வெளியேற எல்லா மாஸ்க்கிலும் துளைகளும் வைத்திருக்கிறார்கள். அதனால் ஒரு பொட்டுக் காற்றுகூடக் கசியக்கூடாது என்று அடம்பிடிக்க வேண்டியதில்லை. ரெஸ்மெட் நிறுவனத்தின் கருவிகளில், அந்தத் துளைகள் வழிப் போவது நீங்கலாக நிமிடத்துக்கு 24 லிட்டருக்குள் கசிந்தால் ஏற்கத்தக்கது. அதன் ‘மைஏர்’ செயலி ஒவ்வொரு காலையும் தரும் 100 மதிப்பெண்ணில் 20 இந்தக் கசிவுக்காக ஒதுக்கப்பட்டது. தாடியை எடுக்கச் சொல்வதற்கு முன் அந்த 20இல் எவ்வளவு விழுகிறது என்று பார்ப்பதே நியாயம்.

மீசைக்கு ஏற்ற மாஸ்க்

தாடிக்காரர்களுக்கு முதலில் முயல வேண்டியது மூக்குத்துளைகளின் வாயிலில் செருகி நிற்கும் ‘நேசல் பில்லோ’ வகை. ரெஸ்மெட்டின் ஏர்ஃபிட் பி10, ஃபிஷர் அண்ட் பேக்கலின் பிரெவிடா போன்றவை இந்த வகை. விளிம்பு முழுக்க மூக்கின் அடியிலேயே முடிந்துவிடுவதால் நெஞ்சுவரை தாடி தொங்கினாலும் பொருட்டில்லை. கொடுவா மீசையானாலும் முறுக்கு மீசையானாலும், மூக்குத்துளைக்குக் கீழே மெல்லிய கீற்றளவு ஒதுக்கிவிட்டால் போதும். பெரிய துணிக்கடைச் சட்டை போல இதற்கும் சிறிது, நடுத்தரம், பெரிது என்று அளவு உண்டு. பெட்டியில் மூன்றும் வந்தால் மூன்றையும் போட்டுப் பார்க்க வேண்டும். காற்றழுத்தம் மிக அதிகமாகத் தேவைப்படுகிறவர்களில் சிலருக்கு மட்டும் இது மூக்கைக் குடையும்.

இதற்கு அண்ணன் தம்பி போலத் தெரியும் இன்னொரு வகை, மூக்கின் அடியில் தொட்டிலாகத் தாங்கும் மாஸ்க். கடையில் இரண்டையும் ஒன்றாகவே பேசுவார்கள். ஆனால் தொட்டில் வகை உட்காரும் இடம் மீசையின் மேல்வரம்பு. அரும்பு மீசைக்குச் சரி, அடர்ந்த மீசைக்குச் சிக்கல்.

மூக்கை முழுதாக மூடும் முக்கோண மாஸ்க்கின் கீழ்விளிம்பு மேலுதட்டில் விழும். மீசையை மழித்துத் தாடி மட்டும் வைத்திருப்பவருக்கு இது அருமையாகப் பொருந்தும். மீசை மட்டும் வைத்திருப்பவருக்கு நேர் எதிர்.

வாயையும் மூடும் மாஸ்க்கின் வம்பு

மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் முழுமுக மாஸ்க், கன்னத்தில் இறங்கிக் கீழுதட்டுக்கு அடியில் தாடையில் முடிகிறது. அதாவது, தாடி எங்கே அடர்த்தியோ அங்கே. போதாக்குறைக்கு, தாடி இல்லாதவர்களுக்கும் இந்த வகையில் கசிவு அதிகம், அழுத்தமும் கூடுதலாகத் தேவைப்படலாம். அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டியும் மூக்கு வகைகளுக்கே முன்னுரிமை தருகிறது.

ஆனாலும் வாயால் மூச்சு விடுபவருக்கு இதைத்தானே கொடுக்கிறார்கள்? கொடுக்கும் முன் ஏன் வாயால் விடுகிறார் என்று கேட்க வேண்டும். மூக்குத் தண்டு வளைவு, ஒவ்வாமைச் சளி போன்றவற்றைக் காது மூக்கு தொண்டை மருத்துவர் சரிசெய்தால், பலர் மூக்கு மாஸ்க்குக்கே மாறிவிடலாம். முழுமுகம்தான் வழி என்றால், சிலிக்கோனுக்குப் பதில் நுரைமெத்தை வைத்த ஏர்டச் எஃப்20 போன்றவை முடியின்மேல் சற்று இதமாகப் படியும். அந்த நுரையைத் தண்ணீரில் அலசக்கூடாது, மாதத்துக்கு ஒன்று மாற்ற வேண்டும். செலவு அங்கே ஏறும். விளிம்புக்கும் முகத்துக்கும் நடுவே வைக்கும் துணி உறை மலிவான வழி. சிலருக்கு உதவுகிறது, சிலருக்கு நனைந்த துணியாகிவிடுகிறது.

கோவிட் நேரத்தில் பிரிட்டனின் சீக்கிய மருத்துவர்கள் தாடியை மெல்லிய ரப்பர் பட்டையால் மூடி உச்சந்தலையில் முடிந்து, அதன்மேல் பாதுகாப்பு மாஸ்க் அணிந்தார்கள். ‘சிங் தாட்டா’ என்ற அந்த முறை 2020இல் மருத்துவ இதழிலும் வந்தது. அது வேலை நேரத்துக்கான ஏற்பாடு. ரப்பரைச் சுற்றிக்கொண்டு கோலாலம்பூர் வெக்கையில் எட்டு மணி நேரம் தூங்கச் சொன்னால் எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

எல்லாவற்றிலும் மோசமான மருந்து, கசிகிறதே என்று பட்டையை இறுக்குவது. உப்ப வேண்டிய விளிம்பு நசுங்கி மேலும் கசியும். மூக்குத் தண்டில் புண் வரும். படுத்த நிலையில், காற்று ஓடிக்கொண்டிருக்கும்போது, மாஸ்க்கை ஒருமுறை முகத்திலிருந்து இலேசாகத் தூக்கி விட்டால் விளிம்பு தானே சரியாகப் படியும்.

எண்ணெய், ஏர்கோன், புகைமூட்டம்

தாடிக்குத் தேங்காய் எண்ணெயும், நாகரிகமாகச் சொன்னால் தாடி எண்ணெயும் தடவுகிறவர்கள் அதைக் காலைக்கு மாற்றிக்கொள்ளலாம். எண்ணெய்ப் பசை விளிம்பை வழுக்கவிடும், சிலிக்கோனையும் சீக்கிரம் கெடுக்கும். படுக்கும் முன் தாடியைக் கழுவி உலர்த்துவதும், காலையில் மெத்தையை மிதமான சோப்புநீரில் அலசுவதும் பாதிப் பிரச்சினையைத் தீர்க்கும். இரண்டு நாள் முள்தாடிதான் வளர்ந்த தாடியைவிடப் படுத்துகிறது என்பது பலரின் அனுபவம். வளர்ந்த முடி மடிந்து கொடுக்கும், முள் மடியாது.

ஏர்கோன் அறையில் கருவியின் ஈரப்பத அளவைக் கூட்டினால் குழாயில் நீர் கோத்துக்கொண்டு முகத்தில் தெறிக்கும். சூடேற்றும் குழாய் இதற்குத் தீர்வு. 2015, 2019 ஆண்டுகளைப் போலச் சுமத்ராவின் காட்டுத் தீப்புகை கிள்ளான் பள்ளத்தாக்கை மூடும் வாரங்களில் மூக்கடைப்பு கூடும், மூக்கு மாஸ்க் தோற்கும். அந்த நாள்களில் கருவியின் வடிகட்டியை அடிக்கடி மாற்ற வேண்டும்.

விரத மாதத்துக்கு இரண்டாவது மாஸ்க்

ஆண்டுதோறும் மாலை போடுகிறவர், அல்லது காவடி நேர்ந்துகொண்டவர், தாடி வளர்ந்தபின் திண்டாடுவதைவிட முன்கூட்டியே ஒரு பில்லோ மாஸ்க் வாங்கிப் பழகிக்கொள்வது உத்தமம். கருவி அதேதான், குழாய் முனை பெரும்பாலும் பொதுவானது. மாஸ்க்கின் வகை மாறும்போது கருவியின் அமைப்பில் அதைக் குறிப்பிட வேண்டும். தேவையான அழுத்தமும் மாறக்கூடும் என்பதால் மருத்துவமனைக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். நேர்த்திக்கடன் முடிந்து மொட்டை போட்ட முதல் இரவு, தலைப்பட்டை வழுக்கும். பட்டையைச் சற்று மாற்றியமைத்தால் சரியாகிவிடும்.

சபரிமலைக்குப் போகிறவர் கருவியையும் எடுத்துச் செல்வதா என்று தயங்குவதுண்டு. கடுமையான பாதிப்பு உள்ளவர் மலையேறும் முன்னிரவில் கருவியில்லாமல் படுப்பதை மருத்துவரிடம் கேட்காமல் முடிவு செய்யக்கூடாது.

அம்பாங்கில் வாங்கும் முன்

பரிசோதனை இல்லாமல் மாஸ்க் பேச்சே இல்லை. அம்பாங் வாசிகள் அரசு கிளினிக்கில் பரிந்துரைக் கடிதம் பெற்று, பகாங் சாலையிலுள்ள சுவாச மருத்துவக் கழகம், மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனை, செராஸில் உள்ள துவாங்கு முஹ்ரிஸ் மருத்துவமனை ஆகியவற்றுக்குச் செல்லலாம். தனியார் மருத்துவமனைகள் அம்பாங்கிலேயே உண்டு. பரிசோதனைக் கூடத்தில் எந்த மாஸ்க் போட்டு அழுத்தம் கணித்தார்கள் என்று எழுதி வாங்கிக்கொள்வது அவசியம். தாடியோடு போக வேண்டுமா, மழித்துவிட்டா என்று கேட்பவருக்குப் பதில்: வழக்கமாக எந்த முகத்தோடு தூங்குகிறாரோ அந்த முகத்தோடு.

கருவி பல ஆயிரம் ரிங்கிட், மாஸ்க் சில நூறு ரிங்கிட். இணையக் கடையில் மலிவாகக் கிடைக்கும், ஆனால் முகத்தில் பட்ட மாஸ்க்கைத் திருப்பி எடுக்கமாட்டார்கள். கடையிலேயே படுத்து, தமக்குரிய அழுத்தத்தில் கால் மணி நேரம் போட்டுப் பார்க்க விடும் விற்பனையாளருக்கு ஐம்பது ரிங்கிட் கூடக் கொடுத்தாலும் நட்டமில்லை. 2012ஆம் ஆண்டு மருத்துவச் சாதனச் சட்டத்தின்கீழ் பதிவு பெற்ற பொருளா என்றும் கேட்கலாம். இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர், காந்தக் கொக்கி உள்ள மாஸ்க்கைத் தொடவே கூடாது. அந்த எச்சரிக்கையை 2022இல் பிலிப்ஸ் நிறுவனமே வெளியிட்டது. அவர் பக்கத்தில் படுப்பவர் அணியும் மாஸ்க்குக்கும் இது பொருந்தும்.

எந்த மாஸ்க்கும் ஒத்துவராதவருக்குப் பல் மருத்துவர் செய்து தரும் கீழ்த்தாடைக் கருவி இருக்கிறது. லேசான, நடுத்தரப் பாதிப்புக்கு அது போதலாம். உடல் பருமனோடு வரும் நோய்க்கு, எடையைக் குறைக்கும் டிர்செபடைட் ஊசியை அமெரிக்கா 2024 டிசம்பரில் அனுமதித்திருக்கிறது. எடை கணிசமாகக் குறைந்தால் முகமும் மெலியும், மாஸ்க்கின் அளவை மறுபடி பார்க்க வேண்டிவரும்.