கூலியாளாய் வந்த குரவர்

எழுவைதீவில் வாழ்வோர் ஊர்காவற்றுறைக்குச் செல்லக் கடலைக் கடந்தாக வேண்டும். பொங்கியெழும் அலை, படகில் இருப்பவர் இன்ன சமயத்தார், இன்ன குலத்தார் என்று பார்த்து வீசுவதில்லை. படகிற் கற்கும் இப்பாடத்தைக் கரையேறியதும் நாம் மறந்துவிடுகிறோம். கரையிலும் அதனை மறவாத ஒருவர் முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னர் நம் யாழ்ப்பாணத்துக்கு வந்தார். அவரே யோசேவ் வாஸ் அடிகளார்.

1651இல் கோவாவில், அந்தண மரபிலிருந்து கிறித்தவந் தழுவிய குடும்பத்திற் பிறந்தவர் அவர். 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், கத்தோலிக்கக் குருமாரை விலக்கி, அவர்தம் வழிபாட்டையும் தடுத்திருந்தனர். சைவர் நிலையும் ஏறக்குறைய அதுவே. விரத நாளில் உண்ட இலையைக் கூரையிற் செருகி மறைத்த கதையை நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். மறைந்து வழிபடும் துயரில் இரு சமயத்தாரும் உடன்பிறந்தாராயினர்.

அந்நாளில், 1687இல், அடிகளார் கூலியாளின் கோலத்தில் வந்து சேர்ந்தார். பின்னர்ச் சில்லாலையில் மறைந்திருந்து தொண்டாற்றினார். குலப்பெருமையை வேண்டாத அவருக்கு அக்கோலம் வெறும் வேடமன்று, வாழ்வே அதுவாயிற்று.

1692இல் கண்டிக்குச் சென்றவரை ஒற்றரென ஐயுற்றுச் சிறையிட்டனர். அதே கண்டியில் 1697இல் வைசூரி பரவியபோது, உற்றாரே நோயாளரைக் கைவிட்டனர். அடிகளாரோ, தம் மருமகனாராகிய கர்வாலியோ அடிகளாருடன், அவர்களுக்குக் குடில் அமைத்தார், உணவூட்டினார், புண் கழுவினார், இறந்தோரை அடக்கஞ் செய்தார். நோயாளர் எச்சமயத்தார் என்று அவர் வினவவில்லை. பௌத்த மன்னரான இரண்டாம் விமலதர்மசூரியர் அவரைப் பெரிதும் மதித்தார். 1711இல் கண்டியிலேயே மறைந்த அவரை, 2015 சனவரி 14இல் கொழும்பில் பாப்பரசர் பிரான்சிஸ் புனிதராக உயர்த்தினார்.

யான் சைவன். ஆயினும் அவர் வரலாற்றைப் படிக்குந்தோறும் என் இளமைக்கால நிகழ்ச்சியொன்று நெஞ்சை உறுத்துகிறது. எங்கள் வளவில் வேலி அடைத்துக் களைத்தவர் தண்ணீர் கேட்டார். வீட்டு வழக்கப்படி, அவருக்கென ஒதுக்கிய சிரட்டையையே எடுத்துக் கொடுத்தேன். கூலியாளாய் வந்த அடிகளார் அன்று எங்கள் வாயிலில் நின்றிருந்தால், அவருக்கும் அந்தச் சிரட்டைதானே கிடைத்திருக்கும்?

மாணவச் செல்வங்களே! பணிவென்பது தலைதாழ்த்தி நிற்பது மட்டுமன்று. நாம் பருகும் செம்பிலேயே பிறருக்கும் நீர் வார்ப்பது. ஒற்றுமையும் அங்கேதான் தொடங்குகிறது.