கூண்டில் ஏறிய முதுகெலும்பு

தொழிலின் பெயரைக் காப்பாற்றப் போட்ட வழக்கே அந்தத் தொழிலின் மானத்தைச் சந்தி சிரிக்க வைத்தது. லண்டனில் நடந்த கதை இது.

2008 ஏப்ரல் 19 அன்று ‘கார்டியன்’ நாளிதழில் சைமன் சிங் ஒரு பத்தி எழுதினார். பஞ்சாபிலிருந்து இங்கிலாந்து போய்க் குடியேறிய பெற்றோரின் மகன். இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றவர். கணக்கையும் அறிவியலையும் கதைபோலச் சொல்லும் புத்தகங்களால் பெயர் வாங்கியவர். விடாமல் அழும் கைக்குழந்தை, அடிக்கடி வரும் காது நோய், ஆஸ்துமா, தூக்கமின்மை என எல்லாவற்றுக்கும் முதுகெலும்பைப் பிடித்து வைத்தியம் செய்யலாம் என்று பிரிட்டிஷ் கைரோபிராக்டிக் சங்கம் சொல்லிக்கொண்டிருந்தது. இதற்கு எள்ளளவும் ஆதாரம் இல்லை, இது ‘போகஸ்’ (போலி) வைத்தியம், இதைச் சங்கம் சந்தோஷமாகப் பரப்புகிறது என்பது சிங்கின் குற்றச்சாட்டு.

மறுப்பு எழுதுங்கள், இடம் தருகிறோம் என்றது பத்திரிகை. சங்கம் வேண்டாம் என்றது. பணபலமுள்ள பத்திரிகையை விட்டுவிட்டு, எழுதியவர்மேல் மட்டும் அவதூறு வழக்குப் போட்டது.

நம்மில் பலருக்குக் கைரோபிராக்டிக் ரீல்ஸ் வழியாகத்தான் அறிமுகம். கழுத்தருகே மைக் பொருத்தி, தலையை ஒரு பக்கம் சாய்த்துச் சட்டென்று திருப்புவார்கள். ‘மளுக்’ என்று ஒரு சத்தம். படுத்திருப்பவர் முகத்தில் பரவசம். விலகிய எலும்பு இடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது என்று பார்ப்பவர் நினைத்துக்கொள்கிறார். உண்மையில் எலும்பு எங்கும் விலகியிருக்கவில்லை. வந்து உட்காரவும் இல்லை. மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் அழுத்தம் திடீரென்று குறையும்போது அங்கே வாயு நிறைந்த ஒரு குழி உண்டாகிறது. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் ஒருவரின் விரல்களை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் வைத்து ஒவ்வொன்றாக இழுத்து, சொடக்கு விழும் கணத்தைப் படம் பிடித்துக் காட்டினார்கள். விரலை நீட்டியவரே ஒரு கைரோபிராக்டர்தான். அந்தத் தொழிலில் கேள்வி கேட்பவர்களும் உண்டு என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

சிக்கல் சத்தத்தில் இல்லை, தொழில் பிறந்த கதையில் இருக்கிறது. அமெரிக்காவின் அயோவா மாநிலம், டாவன்போர்ட் நகரம். டேனியல் டேவிட் பாமர் என்பவர் அங்கே காந்த வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் இருந்த கட்டடத்தைத் துப்புரவு செய்துவந்த ஹார்வி லில்லார்டுக்கு 17 வருடங்களாகக் காது சரியாகக் கேட்கவில்லை. 1895 செப்டம்பரில் அவருடைய முதுகில் துருத்திக்கொண்டிருந்த ஒரு முள்ளெலும்பைத் தள்ளிவிட்டதாகவும், காது கேட்க ஆரம்பித்துவிட்டதாகவும் பாமர் எழுதி வைத்தார். கேட்கும் நரம்பு காதிலிருந்து மண்டைக்குள்ளேயே மூளைக்குப் போய்விடுகிறது. முதுகெலும்புப் பக்கமே அது எட்டிப் பார்ப்பதில்லை. பாமர் அதற்கெல்லாம் அசரவில்லை. முள்ளெலும்பு இடம் பிசகி நரம்பை அழுத்துவதால்தான் நூற்றுக்கு 95 நோய்கள் வருகின்றன என்று ஒரே போடாகப் போட்டார். அந்தப் பிசகலுக்கு இந்தத் தொழிலில் ‘சப்லக்சேஷன்’ என்று பெயர். பாமர் 1897இல் பள்ளியும் தொடங்கினார். உரிமமின்றி வைத்தியம் பார்த்ததற்காக 1906இல் தண்டனை வந்தபோது, அபராதம் கட்ட மறுத்துச் சிறைக்குப் போனார். மகன் பி.ஜே. பாமருக்கு அப்பாவைவிட வியாபார சாமர்த்தியம் அதிகம். டாவன்போர்ட்டில் அவர் நடத்திய வானொலி நிலையத்தில்தான் ரொனால்டு ரீகன் அறிவிப்பாளர் வேலையைத் தொடங்கினார்.

இந்த வைத்தியம் அமெரிக்காவில் மரியாதை பெற்றது ஆய்வுக்கூடத்தில் அல்ல, நீதிமன்றத்தில். அமெரிக்க மருத்துவச் சங்கம் 1963இல் ‘போலி வைத்திய ஒழிப்புக் குழு’ என்று சொல்லத்தக்க ஒன்றை அமைத்து, கைரோபிராக்டிக்கைக் கட்டம் கட்டி ஒடுக்கப் பார்த்தது. கைரோபிராக்டர்களோடு தொழில்முறை உறவு வைத்துக்கொள்வதே நெறியல்ல என்று தன் டாக்டர்களுக்குச் சொன்னது. செஸ்டர் வில்க் என்ற கைரோபிராக்டரும் வேறு சிலரும் 1976இல் வழக்குத் தொடர்ந்தார்கள். பதினொரு வருடம் கழித்து நீதிபதி சூசன் கெட்சன்டேனர் தீர்ப்புச் சொன்னார்: போட்டியாளரை ஒழிக்க மருத்துவச் சங்கம் சட்டவிரோதமாகக் கூட்டுச் சேர்ந்தது உண்மை. வெற்றி கைரோபிராக்டர்களுக்கு. அதே தீர்ப்பில் இன்னொன்றும் இருந்தது. கைரோபிராக்டிக் அறிவியல்பூர்வமான வைத்தியம் என்று நீதிமன்றம் முத்திரை குத்த வேண்டும் என்ற எதிர்பார்ப்பை ஏற்க முடியாது என்று அவர் விலகிக்கொண்டார். முதல் பாதி பிரபலமானது. இரண்டாம் பாதியை யார் படித்தார்கள்?

அந்த ஒழிப்புக் குழு உருவான அதே 1963இல், உள்ளே இருந்த ஒருவர் தன் தொழிலை நோக்கியே புத்தகம் எழுதினார். ஃபுளோரிடாவின் சாமுவேல் ஹோமோலா. முதுகுவலிக்குக் கை வைத்தியம் பாருங்கள், அதோடு நில்லுங்கள், ‘சப்லக்சேஷன்’ மதத்தை விடுங்கள் என்பது அவர் வாதம். சக தொழில்காரர்கள் அவரை ஒதுக்கிவைத்தார்கள். அன்றே அவர் பேச்சைக் கேட்டிருந்தால் லண்டன் வழக்குக்கு வேலையே இருந்திருக்காது.

லண்டனில் 2009 மே மாதம் நீதிபதி ஈடி, ‘போகஸ்’ என்று எழுதியதற்கு, பயனில்லை என்று தெரிந்தே சங்கம் ஏமாற்றுகிறது என்றுதான் பொருள் என்று தீர்மானித்தார். இங்கிலாந்தின் அவதூறுச் சட்டத்தில் எழுதியவர்தான் தான் எழுதியதை நிரூபிக்க வேண்டும். அவர்கள் ஏமாற்றுக்காரர்கள் என்று சிங் சொல்லவே இல்லை. ஆதாரம் பார்க்காமல் நம்புகிறார்கள் என்பதே அவர் கருத்து. சொல்லாததை நிரூபிப்பது எப்படி? பேசாமல் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போவதுதான் லாபம் என்று பலரும் சொன்னார்கள். அவர் மேல்முறையீட்டுக்குப் போனார்.

அங்கேதான் சங்கத்துக்குச் சனி பிடித்தது. ஆதாரம் குவிந்து கிடக்கிறது என்று சொல்லிவந்த சங்கம், 2009 ஜூனில் 29 ஆவணங்கள் கொண்ட பட்டியலை வெளியிட்டது. 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் எழுதும் அறிவியல்காரர்கள் அதைப் பிரித்து மேய்ந்துவிட்டார்கள். சில ஆவணங்களுக்கும் சிகிச்சைக்கும் சம்பந்தமே இல்லை. சில, ஒப்பிட்டுப் பார்க்க வேறு நோயாளிகளே இல்லாமல் செய்த ஆய்வுகள். சில, பயன் இருப்பதாகச் சொல்ல முடியாது என்றே முடிந்திருந்தன. உறுப்பினர்களின் விளம்பரங்களைத் தேடிப் பிடித்து கைரோபிராக்டர்களின் ஒழுங்குமுறைக் கவுன்சிலுக்கு நூற்றுக்கணக்கில் புகார்கள் பறந்தன. இன்னொரு கைரோபிராக்டிக் சங்கம், இணையதளங்களை உடனே இறக்கிவிடுங்கள், துண்டறிக்கைகளை எடுத்துவிடுங்கள் என்று தன் உறுப்பினர்களுக்கு அனுப்பிய மின்னஞ்சல் வெளியே கசிந்தது. மடியில் கனம் இல்லாதவர் இப்படி மின்னஞ்சல் அனுப்ப மாட்டார்.

2010 ஏப்ரல் 1. மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் மூன்று பேர் அமர்வு. தலைமை நீதிபதியின் பெயரே லார்ட் ஜட்ஜ். சிங் எழுதியது கருத்து, அதைக் கருத்தாகவே பாதுகாக்கலாம் என்றார்கள். அறிவியல் சர்ச்சையில் எது உண்மை என்று முடிவுகட்டும், ஆர்வெல் நாவலில் வரும் ‘உண்மை அமைச்சகமாக’ நீதிமன்றம் மாற முடியாது என்றார்கள். காவலில் இருந்த கலிலியோவைச் சந்தித்ததைக் கவிஞர் மில்டன் எழுதியிருப்பதையும் நினைவுபடுத்தினார்கள். இரண்டு வாரத்தில் சங்கம் வழக்கைக் கைவிட்டது. இந்த வழக்கை முன்வைத்து எழுந்த கிளர்ச்சி, 2013இல் இங்கிலாந்து புதிய அவதூறுச் சட்டம் கொண்டுவர ஒரு முக்கியக் காரணம். அதே 2010இல், எந்த நோய்க்கும் ‘சப்லக்சேஷன்’ காரணம் என்று சொல்ல ஆய்வு ஆதாரம் இல்லை என்று கைரோபிராக்டர்களின் ஒழுங்குமுறைக் கவுன்சிலே எழுதிக் கொடுத்துவிட்டது.

சரி, முதுகுவலிக்காவது பலன் உண்டா? உண்டு, கொஞ்சம். 2017இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழிலேயே 26 சோதனைகளை ஒன்றுசேர்த்து அலசிய ஆய்வு வந்தது. திடீரென்று பிடித்துக்கொள்ளும் இடுப்பு வலியில், 100 மதிப்பெண்ணுக்கு ஏறத்தாழ 10 மதிப்பெண் அளவுக்கு வலி குறைகிறது. நாள்பட்ட வலியில் உடற்பயிற்சி, பிசியோதெரபி போன்றவற்றைவிடச் சொல்லிக்கொள்ளும்படி கூடுதல் பலன் இல்லை என்று மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் அமைப்பின் ஆய்வு 2011இல் சொல்லியிருந்தது. பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு, உடற்பயிற்சியோடு சேர்த்தால் மட்டும் கை வைத்தியத்தைப் பரிசீலிக்கலாம் என்கிறது. மாத்திரை ஒத்துக்கொள்ளாதவருக்கு இந்தக் கொஞ்சம்கூட நல்ல விஷயம்தான். இடுப்போடு நிற்கும் கைரோபிராக்டரிடம் எனக்குப் பெரிய சண்டை இல்லை.

கழுத்துக்கு வந்தால் கதை வேறு. மூளையின் பின்பகுதிக்கு ரத்தம் கொண்டுபோகும் இரண்டு தமனிகள், கழுத்து எலும்புகளின் பக்கவாட்டில் உள்ள துளைகளுக்குள் நுழைந்து மேலே ஏறுகின்றன. உச்சியில், மண்டையோட்டைத் தாங்கும் முதல் எலும்பின்மேல் வளைந்து திரும்பி உள்ளே போகின்றன. தலையைத் திருப்பும்போது இழுபடுவது இந்த வளைவுதான். வேகமாகத் திருப்பும்போது உட்சுவர் கிழிந்தால், கிழிந்த இடத்தில் ரத்தம் உறையும். உறைந்த கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். நாற்பது வயதைத் தொடாதவர்களுக்கும் இது வந்திருக்கிறது.

எவ்வளவு அபூர்வம் என்பதில்தான் இழுபறி. கழுத்து வைத்தியத்துக்கும் பக்கவாதத்துக்கும் தொடர்பு தெரிந்தாலும், அதுதான் காரணம் என்று நிரூபணமாகவில்லை. ஆனாலும் நோயாளியிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்பது அமெரிக்க இதயச் சங்கம் 2014இல் எடுத்த நிலை. கைரோபிராக்டர்கள் கையில் எடுப்பது 2008இல் வந்த ஒன்டாரியோ ஆய்வை. ஒன்பது வருடங்களில் அங்கே இந்த வகைப் பக்கவாதம் வந்த 818 பேரை எடுத்துப் பார்த்ததில், முன்கூட்டிக் கைரோபிராக்டரிடம் போனவர்களைப் போலவே குடும்ப டாக்டரிடம் போனவர்களும் அதிகம் இருந்தார்கள். ஆகவே தமனி ஏற்கெனவே கிழிந்து, அந்த வலியோடுதான் இருவரிடமும் போயிருக்கிறார்கள் என்பது வாதம். இருக்கலாம். ஆனால் இந்த வாதத்தை அப்படியே ஒப்புக்கொண்டால் என்ன ஆகிறது? தமனி கிழிந்த ஒருவர் வெறும் கழுத்து வலி என்று நினைத்து வந்து படுக்கிறார். தொட்டுப் பார்த்துக் கிழிசலைக் கண்டுபிடிக்க எந்தக் கையாலும் முடியாது. அந்தக் கழுத்தைத்தான் திருப்பப் போகிறார்கள். தற்காப்புக்கு எடுத்த கேடயமே கழுத்தைத் தொடாதே என்கிறது.

தமனி மட்டும் அல்ல. 2017 ஆகஸ்டில் இங்கிலாந்தின் யார்க் நகரில் 80 வயதுப் பெரியவர் ஒருவர் கால்வலிக்காகக் கைரோபிராக்டரிடம் போனார். அவருடைய முதுகெலும்பின் தசைநார்கள் வயதால் இறுகி எலும்பாகியிருந்தன. சிகிச்சையின்போது கழுத்தெலும்பு முறிந்தது. மறுநாள் மருத்துவமனையில் இறந்தார். 2019இல் விசாரித்த மரண விசாரணை அதிகாரி, எக்ஸ்ரே பற்றியும் முதலுதவிப் பயிற்சி பற்றியும் கவுன்சில் யோசிக்க வேண்டும் என்று எழுதினார். நம்மூர் சலூன்களில் ஷேவிங் முடிந்ததும் தலையைப் பிடித்து நெட்டி எடுக்கும் பழக்கம் இதற்குச் சகோதரம்தான். கைராசிக்காரர் என்ற நம்பிக்கையைத் தவிர அங்கே வேறு பரிசோதனை எதுவும் கிடையாது.

குழந்தைகள் விஷயத்தில் இந்தச் சர்ச்சை இன்னும் ஓயவில்லை. ‘பிள்ளைக்கு உரம் விழுந்திருச்சு’ என்று துணியில் போட்டு உருட்டும் பாட்டிமார்களை அறிந்த நமக்கு இது புதிதல்ல; கைரோபிராக்டிக்கில் பட்டமும் கட்டணமும் சேர்ந்திருக்கின்றன, அவ்வளவுதான். கனடாவில் 1998இல் ஆஸ்துமா உள்ள 91 குழந்தைகளைச் சேர்த்துச் செய்த சோதனையில், உண்மையான கைரோபிராக்டிக்குக்கும் பாவனைச் சிகிச்சைக்கும் வித்தியாசம் தெரியவில்லை. நார்வேயில் 2001இல் விடாது அழும் 86 பச்சிளங்குழந்தைகளை வைத்துப் பார்த்தார்கள்; கைரோபிராக்டிக் பெற்ற குழந்தைகளும், நர்ஸ் சும்மா தூக்கி வைத்திருந்த குழந்தைகளும் கிட்டத்தட்ட ஒரே அளவில் அழுகையைக் குறைத்தன. நாளாக நாளாகக் குழந்தை அழுவதைத் தானே விட்டுவிடுகிறது. அந்த நேரம் பார்த்து யாரிடம் தூக்கிக்கொண்டு போயிருந்தோமோ, பெயர் அவருக்கு.

ஆஸ்திரேலியாவில் இரண்டு வாரக் குழந்தையைக் கைரோபிராக்டர் ஒருவர் தலைகீழாகத் தூக்கிப் பிடிக்கும் வீடியோ 2019இல் நாட்டையே உலுக்கியது. 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு முதுகெலும்பைத் திருப்பும் சிகிச்சையை அந்நாட்டுக் கைரோபிராக்டிக் வாரியம் தற்காலிகமாக நிறுத்தியது. விக்டோரியா மாநில அரசு ஆய்வுக்கு உத்தரவிட்டபோது 21,000க்கும் மேற்பட்ட பெற்றோர் கருத்து அனுப்பினார்கள். நூற்றுக்கு 99 பேருக்கு மேல் நல்ல அனுபவம் என்றார்கள். ஆய்வாளர்கள் ஆவணங்களைப் புரட்டியபோது, பெரிய தீங்கு நடந்ததற்கும் ஆதாரம் மிகக் குறைவு, பலன் கிடைத்ததற்கும் ஆதாரம் மிகக் குறைவு. 2023 நவம்பரில் வாரியம் தடையை விலக்கியது. சுகாதார அமைச்சர்கள் கொதித்தெழவே, 2024 ஜூனில் தடை திரும்ப வந்தது. இம்முறை இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு.