பழைய டிசையர் கார்: நம்பத்தகுந்த தயாரிப்பு ஆண்டைக் கண்டறிதல்

பழைய கார் வாங்கும்போது எந்த ஆண்டில் தயாரான கார் நம்பத்தகுந்தது என்று கணிக்க, அதன் தலைமுறை, எஞ்சின், பாதுகாப்பு வசதி, நிறுவனத்தின் திரும்ப அழைப்புகள், அது ஓடிய இடம் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் என்னும் இதழ் உரிமையாளர்களிடம் கேட்டறிந்து ஆண்டுவாரியாக மதிப்பீடு வெளியிடுகிறது. அத்தகைய பட்டியல் இந்தியாவில் எளிதில் கிடைப்பதில்லை. எனவே வாங்குபவரே கணிக்க வேண்டியுள்ளது. தென்காசி, குற்றாலம் வட்டாரத்தில் குடும்பக் காராகவும் வாடகைக் காராகவும் பரவலாக ஓடும் மாருதி சுசூகி டிசையர் இங்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது.

எது காரின் ஆண்டு?

விற்பவர் சொல்லும் "மாடல்" பெரும்பாலும் பதிவு செய்த ஆண்டாக இருக்கும். டிசம்பரில் தயாரான கார் மறு ஆண்டில் பதிவாவது உண்டு. ஆர்.சி.யில் தயாரிப்பு மாதமும் ஆண்டும் தனியாகக் குறிக்கப்பட்டிருக்கும். கணிப்புக்கு அதையே கொள்ள வேண்டும். புதிய வடிவம் ஆண்டின் நடுவில் வெளிவருவதால், ஒரே ஆண்டுக்குள் இரு வேறு கார்கள் தயாராகியிருக்கலாம்.

நான்கு தலைமுறைகள்

முதல் தலைமுறை 2008 மார்ச்சில் வந்தது. தொடக்கத்தில் அதில் 1.3 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் இருந்தது. அதன் டைமிங் பெல்ட்டை உரிய காலத்தில் மாற்ற வேண்டும். 2010-ல் 1.2 லிட்டர் கே வரிசை எஞ்சின் வந்தது. இதில் பெல்ட்டுக்குப் பதிலாகச் செயின் உள்ளது. இந்தத் தலைமுறையின் கார்கள் 15 ஆண்டைக் கடந்துவிட்டன அல்லது நெருங்குகின்றன. 15 ஆண்டு முடிந்தால் சொந்தக் காரின் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அந்தச் செலவையும் விலையோடு கூட்டிப் பார்ப்பது நல்லது.

இரண்டாம் தலைமுறை 2012 பிப்ரவரியில் வந்தது. வரிச் சலுகைக்காக இதன் நீளம் 4 மீட்டருக்குள், 3,995 மில்லிமீட்டராகக் குறைக்கப்பட்டது. பெட்ரோல் எஞ்சின் எளிமையானது. உள்ளூர் மெக்கானிக்குகளுக்கு நன்கு பழக்கமானது. ஆனால் குறைந்த விலை வகைகளில் ஏர்பேக், ஏ.பி.எஸ். பிரேக் ஆகியவை இல்லை.

மூன்றாம் தலைமுறை 2017 மே மாதம் வந்தது. எல்லா வகைகளிலும் முன்னிருக்கைகளுக்கு இரண்டு ஏர்பேக்குகளும் ஏ.பி.எஸ். பிரேக்கும் இடம்பெற்றன. ஆகவே "2017 மாடல்" என்று மட்டும் சொல்வது போதாது. அவ்வாண்டு பிப்ரவரியில் தயாரானதும் ஆகஸ்டில் தயாரானதும் வேறு வேறு கார்கள். 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 மாசு விதி நடைமுறைக்கு வந்தபோது டீசல் டிசையர் நிறுத்தப்பட்டது. பெட்ரோல் எஞ்சினும் புதுப்பிக்கப்பட்டது.

நான்காம் தலைமுறை 2024 நவம்பரில் ஆறு ஏர்பேக்குகளுடன் வந்தது. குளோபல் என்கேப் மோதல் சோதனையில் பெரியவர்களுக்கான பாதுகாப்பில் ஐந்து நட்சத்திரம் பெற்றது. பழைய கார் சந்தையில் இதன் வயது இன்னும் குறைவு.

வாடகைக் கார் சந்தைக்காகப் பழைய வடிவங்கள் டூர் என்னும் பெயரில் தொடர்ந்து விற்கப்பட்டன. எனவே 2015-ல் தயாரான டூர் முதல் தலைமுறை உடலமைப்பிலும், 2018-ல் தயாரான டூர் எஸ் இரண்டாம் தலைமுறை உடலமைப்பிலும் இருக்கலாம். ஆண்டை மட்டும் பார்த்துப் புதிய வடிவத்தின் விலையை இவற்றுக்குக் கொடுத்துவிடக் கூடாது.

டீசல் எஞ்சின்

2020 வரை வந்த 1,248 சி.சி. டீசல் எஞ்சின் ஃபியட் நிறுவனத்தின் வடிவமைப்பு. எண்ணெய் உரிய காலத்தில் மாற்றப்பட்டால் நீண்ட தூரம் உழைக்கும். மாற்றாமல் ஓட்டினால் டைமிங் செயினும் டர்போவும் பாதிக்கப்படும். சர்வீஸ் பதிவு இல்லாத டீசல் காருக்கு எந்த ஆண்டும் நல்ல ஆண்டு அல்ல.

திரும்ப அழைப்புகள்

குறிப்பிட்ட மாதங்களில் தயாரான கார்களில் குறை தெரிந்தால் நிறுவனம் அவற்றைத் திரும்ப அழைத்து இலவசமாகச் சரிசெய்யும். 2010 மார்ச் 8 முதல் 2013 ஆகஸ்ட் 11 வரை தயாரான டீசல் கார்கள், வயரிங் தொடர்பாக 2014-ல் அழைக்கப்பட்டன. அவற்றில் 55,938 டிசையர்கள். 2013 நவம்பர் 12 முதல் 2014 பிப்ரவரி 4 வரை தயாரான கார்கள் எரிபொருள் நிரப்பும் குழாய்க்காக அழைக்கப்பட்டன. 2018 மே 7 முதல் ஜூலை 5 வரை தயாரானவற்றில் 713 டிசையர்கள் ஏர்பேக் கட்டுப்பாட்டுக் கருவிக்காக அழைக்கப்பட்டன.

திரும்ப அழைக்கப்பட்டதாலேயே ஒரு காரை ஒதுக்க வேண்டியதில்லை. அந்த வேலை செய்யப்பட்டதா என்பதே கேள்வி. சேசிஸ் எண்ணைக் கொடுத்து அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் நிலையத்தில் கேட்டறியலாம். ஏர்பேக் கருவி மாற்றப்படாத கார் ஓடுவதில் எந்த வேறுபாடும் தெரியாது, விபத்தின்போதுதான் தெரியவரும்.

தென்காசி வட்டாரத்தில் கவனிக்க வேண்டியவை

ஜூன் முதல் ஆகஸ்டு வரை குற்றாலத்தில் சீசன். சாரலில் நனைந்த வண்டிகள் அருவிக்கும் ஊருக்கும் இடையே ஓயாமல் ஓடும். செங்கோட்டை, புளியரை வழியாக ஆரியங்காவுக்குச் செல்லும் மலைச்சாலையில் ஏறி இறங்கும் கார்களுக்கு கிளட்சும் பிரேக்கும் விரைவில் தேயும். புளியரை ஏற்றத்தில் நான்கு பேருடன் ஓட்டிப் பார்த்தால், சமதளத்தில் தெரியாத கிளட்ச் வழுக்கலும் எஞ்சின் சூடும் தெரிந்துவிடும்.

2015 டிசம்பரில் சென்னையிலும், 2023 டிசம்பரில் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களிலும் பெருவெள்ளம் ஏற்பட்டது. வெள்ளத்தில் மூழ்கிய கார் மெருகேற்றப்பட்டு வேறு ஊரில் விற்பனைக்கு வரக்கூடும். சீட் பெல்ட்டை முழுவதும் இழுத்து அடிப்பகுதியில் சேற்றுக் கறை உள்ளதா எனப் பார்க்க வேண்டும். இருக்கைத் தண்டவாளத்தின் துரு, டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் குழியின் ஈரம், தரைவிரிப்பின் வாடை ஆகியவையும் அடையாளங்கள்.

ஆவணங்கள்

தென்காசி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் பதிவு வரிசை டி.என். 76. எல்லை அருகில் இருப்பதால் கேரளப் பதிவுக் கார்களும் விற்பனைக்கு வரும். டெல்லியில் 10 ஆண்டு கடந்த டீசல் கார்களுக்குத் தடை விதிக்கப்பட்டதால் அங்கிருந்தும் கார்கள் தெற்கே வருகின்றன. வெளிமாநிலக் காருக்கு படிவம் 28-ன்படி என்.ஓ.சி., தமிழ்நாட்டின் சாலை வரி, மறுபதிவு ஆகியவை தேவை. மஞ்சள் போர்டிலிருந்து வெள்ளை போர்டுக்கு மாறியதா, எத்தனையாவது உரிமையாளர், வங்கிக் கடன் நீக்கப்பட்டதா என்பவற்றையும் பார்க்க வேண்டும்.

தேர்வு

குடும்பத்துக்கு வாங்குவோர் 2017 மே மாதத்துக்குப் பின் வந்த மூன்றாம் தலைமுறைப் பெட்ரோல் காரை முதலில் தேடலாம். பணம் போதாவிட்டால் 2014 முதல் 2016 வரையிலான பெட்ரோல் கார்களில் ஏர்பேக் உள்ள வகையைப் பார்க்கலாம். ஆண்டு இரண்டு குறைந்தாலும் முழு சர்வீஸ் பதிவுடன் ஒரே உரிமையாளரிடம் இருந்த கார், பதிவில்லாத புதிய காரைவிட மேலானது. தயாரிப்பு ஆண்டு ஒரு காரில் என்னென்ன இருக்கும் என்று சொல்லும். அவை இன்னும் ஒழுங்காக வேலை செய்கின்றனவா என்பதை அந்தக் காரைத்தான் பார்த்து அறிய வேண்டும்.