கேராஸ்: அணைய மறுக்கும் சுவிட்ச்

‘பிரிந்து பெருகு’ என்ற உத்தரவு வந்தால்தான் கேராஸ் புரதம் வேலையைத் தொடங்க வேண்டும். கணையப் புற்றுநோயாளிகளில் பத்துக்கு ஒன்பது பேருக்கு அது உத்தரவே இல்லாமல் வேலை செய்துகொண்டிருக்கிறது.

கேராஸ் மரபணு இருப்பது 12-வது குரோமோசோமில். அதன் புரதம் செல் சவ்வின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் சுவிட்ச். வளர்ச்சிக் காரணி ஒன்று வெளியே உள்ள ஏற்பியில் வந்து அமர்ந்ததும், கேராஸ் மூன்று பாஸ்பேட் கொண்ட குவானோசினைப் பற்றிக்கொள்கிறது, சுவிட்ச் ஆன். செய்தி ராஃப், மெக், எர்க் என்று கைமாறி உட்கருவுக்குப் போகிறது. ஒரு பாஸ்பேட்டை வெட்டிவிட்டால் ஆஃப். வெட்டுவதற்கு இன்னொரு புரதம் ஒத்தாசை செய்ய வேண்டும்.

சிக்கல் பெரும்பாலும் 12-வது அமினோ அமிலத்தில்தான். அங்கே இருக்க வேண்டியது கிளைசின், அமினோ அமிலங்களிலேயே மிகச் சிறியது. டி.என்.ஏ.வில் ஜிஜிடி என்பது ஜிஏடி ஆனால் போதும், அந்த இடத்துக்கு அஸ்பார்டிக் அமிலம் வந்துவிடும். ஒத்தாசைக்கு வரும் புரதத்துக்கு அது இடைஞ்சல், வெட்டு நடக்காது.

பெருங்குடல் புற்றுநோய்க்குச் செடுக்சிமாப் ஊசி போடுமுன் மருத்துவர்கள் இந்த மரபணுவைச் சோதிப்பது இதனால்தான். அந்த ஊசி அடைப்பது வெளியே உள்ள ஈஜிஎஃப்ஆர் ஏற்பியை. உள்ளே கேராஸ் தானாகவே எரிந்துகொண்டிருந்தால் வாசலை அடைத்து என்ன பயன்? விலையுயர்ந்த மருந்தாயிற்றே, போட்டுத்தான் பார்ப்போமே என்று குடும்பத்தார் கேட்டால், மருத்துவர் மறுப்பதே சரி.

கேராஸ் உள்ளிட்ட ராஸ் மரபணுக்களுக்கும் மனிதப் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பு 1982-லேயே தெரிந்துவிட்டது. ஆனாலும் முப்பது ஆண்டுகளாக மருந்துக்கு வழி தெரியவில்லை. புரதத்தின் மேற்பரப்பு வழுவழுப்பானது, மருந்து பற்றிக்கொள்ள ஒரு பள்ளம்கூடத் தென்படவில்லை. 2013-ல் சான் பிரான்சிஸ்கோவில் கெவன் ஷோகாட் குழு வழி கண்டது. ஜி12சி என்ற பிறழ்வில் கிளைசினுக்குப் பதில் சிஸ்டீன் வருகிறது. அதிலுள்ள கந்தகத்தில் மருந்தைப் பிணைக்க முடிந்தது. இந்த வகைப் புரதம் அவ்வப்போது அணையவும் செய்யும். அந்த நேரம் பார்த்து மருந்து பிடித்துக்கொண்டால் மறுபடி எரியாது. நோயைத் தந்த மாற்றமே மருந்துக்குப் பிடியும் தந்தது! இப்படி வந்த சோடோராசிப், நுரையீரல் புற்றுநோய்க்கு 2021 மே மாதம் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

ஆனால் கணையப் புற்றுநோயில் அதிகம் காணப்படுவது அஸ்பார்டிக் அமில வகை. அதில் கந்தகம் கிடையாது. பெருங்குடலிலோ வேறு தொல்லை. கேராஸை அணைத்தால் செல் ஈஜிஎஃப்ஆர் வழியாகச் செய்தியைத் தூண்டிவிடுகிறது. அதனால் அங்கே ஜி12சி நோயாளிகளுக்கு, சோடோராசிப் வகையைச் சேர்ந்த அடாக்ராசிப் மாத்திரையோடு செடுக்சிமாபையும் சேர்த்தே கொடுக்கிறார்கள். 2024 ஜூனில் அமெரிக்கா இதற்கு அனுமதி அளித்தது.