தகவல் துளி: விரிசல் விடாத எரிபொருள்

பத்மநாபபுரத்தை அடுத்த உதயகிரிக் கோட்டையில் மன்னர் மார்த்தாண்ட வர்மா காலத்தில் பீரங்கி வார்த்தார்கள். அங்கிருந்து திருவனந்தபுரம் போய், இன்னும் சற்று வடக்கே சென்றால் தும்பா. 1963 நவம்பர் 21 அன்று இந்திய மண்ணிலிருந்து முதல் ஆய்வு ராக்கெட் கிளம்பிய கடற்கரை. இன்று அங்கே விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் இருக்கிறது.

ராக்கெட்டின் திட எரிபொருள், பீரங்கியில் போட்டது போன்ற வெறும் வெடிமருந்துத் தூள் அல்ல, நேயர்களே! அம்மோனியம் பெர்குளோரேட்டையும் அலுமினியத் தூளையும் எச்.டி.பி.பி. என்ற ரப்பர் பசையில் பிசைந்து, மோட்டார் உறைக்குள் ஊற்றி இறுகவிடுவார்கள். இறுகியபின் பென்சில் அழிக்கும் ரப்பர் போல இருக்கும். அதில் ஒரு மெல்லிய விரிசல் போதும். தீ அதற்குள்ளும் புகுந்து, எரியும் பரப்பு கூடி, அழுத்தம் எகிறி, மோட்டாரே வெடித்துவிடலாம். அதனால்தான் கலவையிலிருந்து சிறு துண்டுகள் எடுத்து, அறுந்துபோகும்வரை இழுத்துப் பார்க்கிறார்கள். அழுத்தத்தை மாற்றி மாற்றி எரியும் வேகத்தை அளக்கிறார்கள். ஏவுதளத்துப் புகையை ரசிக்கும் நாம், இந்தப் பொறுமையான உழைப்பையும் கொண்டாட வேண்டும்.

2023இல் சந்திரயான்-3ஐச் சுமந்த ராக்கெட்டின் இருபுறமும் எஸ்-200 மோட்டார்கள். ஒவ்வொன்றிலும் 200 டன்னுக்கு மேல் திட எரிபொருள். எரிந்து தீர்ந்தது இரண்டு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில்!