'போயிட்டு வர்றேன்' சொன்னால் மட்டும் போதுமா?

அப்பாவுக்கு வெளிநாட்டில் வேலை. விசா வந்தாச்சு, டிக்கெட்டும் போட்டாச்சு. "குழந்தைகிட்ட இப்பவே சொல்ல வேண்டாம். அழுது உடம்பைக் கெடுத்துக்கும். கிளம்பற அன்னிக்குச் சொல்லிக்கலாம்" என்று பெரியவர்கள் முடிவெடுக்கும் வீடுகள் நம்மிடையே நிறைய. நல்லெண்ணம்தான், சந்தேகமில்லை. ஆனால், சிநேகிதர்களிடம் விடைபெறாமல் கிளம்பிய குழந்தையின் துக்கம் விமானத்தோடு இறங்கிவிடுவதில்லை. இதை அனுபவித்தே தெரிந்துகொண்டவர்கள் மிஷனரி குடும்பங்கள். அவர்களைப் புரிந்துகொள்ள நாம் அதிக தூரம் போக வேண்டாம், கொடைக்கானல் வரை போனால் போதும்.

1845-ல் மதுரையிலிருந்த அமெரிக்க மிஷனரிகள் பழனி மலை மேல் வீடு கட்டியது குளுகுளு காற்று வாங்க அல்ல. சமவெளியில் காய்ச்சலுக்கும் காலராவுக்கும் தங்கள் மனிதர்களை வாரிக் கொடுத்துவிட்டு, உயிர் பிழைக்க ஏறினார்கள். 1901-ல் அவர்கள் பிள்ளைகளுக்காகவே ஹைகிளெர்க் என்ற பள்ளி தொடங்கியது. இன்றைய கொடைக்கானல் இன்டர்நேஷனல் ஸ்கூல் அதுதான். பெற்றோர் கீழே ஏதோ ஓர் ஊரில் ஆஸ்பத்திரியோ பள்ளிக்கூடமோ நடத்துவார்கள். பிள்ளைகள் மலையில், ஹாஸ்டலில். சில வருஷத்துக்கு ஒருமுறை குடும்பம் நீண்ட விடுப்பில் கடல் கடந்து போகும். படிப்பு முடிந்தால் ஒரேயடியாகப் போக வேண்டியதுதான். பெற்றோருக்கு அது சொந்த ஊருக்குத் திரும்புவது. பிள்ளைக்கோ, ஏரியையும் பைன் மரக்காட்டையும் கூடப் படித்தவர்களையும் விட்டுவிட்டு ஊரை விட்டே போவது. ஒரே பயணம்தான், ஆனால் ஒரே பெட்டிக்குள் இரண்டு மனசு.

மலையிலிருந்து வடகிழக்கே, கொல்லிமலையில் இன்னொரு கதை. தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை ஆபரேஷன் செய்து நிமிர்த்திய வேலூர் டாக்டர் பால் பிராண்டை நிறைய பேருக்குத் தெரியும். 1914-ல் பிறந்து, அந்த மலையில் வளர்ந்த மிஷனரி வீட்டுப் பிள்ளை அவர். 9 வயதில், 1923-ல், தங்கையோடு படிப்புக்காக இங்கிலாந்தில் விட்டுவிட்டு அப்பா அம்மா மலைக்குத் திரும்பிவிட்டார்கள். 1929-ல் அப்பா காய்ச்சலில் இறந்துபோனார். தந்தி முதலில் வந்துவிட்டது. அப்பா முன்னமே எழுதிப்போட்ட கடிதங்கள் கப்பலில் நிதானமாகப் பின்னால் வந்து சேர்ந்தன. பிள்ளையை அனுப்பிய அந்தப் பிரிவுதான் கடைசிப் பிரிவு என்று யாருக்குத் தெரியும்?

அந்தக் காலத்தில் இதற்கெல்லாம் பெயர் கிடையாது. 1950-களில் இந்தியாவுக்கு வந்து இங்கிருந்த அமெரிக்கக் குடும்பங்களை ஆராய்ந்த சமூகவியல் அறிஞர் ரூத் ஹில் யூசீம், இப்படி வளரும் பிள்ளைகளை 'மூன்றாம் கலாசாரக் குழந்தைகள்' என்றார். பெற்றோரின் ஊரும் முழுசாக இவர்களுடையதில்லை, வளர்ந்த ஊரும் முழுசாக இவர்களுடையதில்லை. பிறகு டேவிட் போலாக் என்பவர், மிஷனரி வீட்டுப் பிள்ளைகளோடு நிறையப் பழகி, கிளம்புவதற்கு முன் மனசில் என்ன நடக்கிறது என்று கவனித்துச் சொன்னார்.

அவர் சொன்னதில் நம் வீடுகளுக்கு ரொம்பப் பொருந்துவது ஒன்று உண்டு. கிளம்ப ஒரு மாசம் இருக்கும்போது, உயிருக்கு உயிரான சிநேகிதியோடு ஒன்றுமில்லாத விஷயத்துக்குச் சண்டை வரும். "போடி, நீ இல்லாட்டி எனக்கு என்ன!" இது திமிர் இல்லை. கோபத்தோடு பிரிந்தால் வலி குறையும் என்று மனசு போடும் கணக்கு. கணக்கு தப்பு. கோபம் கூடவே பெட்டியில் ஏறி வந்துவிடும். சரிசெய்ய அங்கே ஆள் இருக்காது. கிளம்பும் குழந்தை மட்டுமில்லை, இங்கேயே இருக்கப்போகிற குழந்தையும் இதையே செய்யும். பெரியவர்களும்தான். ஊருக்குக் கிளம்பும் வாரத்தில் மாமியார் மருமகள் சண்டை ஏன் உச்சத்துக்குப் போகிறது என்று யோசித்துப் பாருங்கள்!

போலாக் ஒரு தெப்பம் கட்டச் சொன்னார், நாலு கட்டை வைத்து. முதல் கட்டை, சண்டையைத் தீர்ப்பது. "நான் அன்னிக்குப் பேசினது தப்பு" என்று நேரில் சொல்வது. இரண்டாவது, நன்றி சொல்வது. தோழியிடம் மட்டுமல்ல, ஹாஸ்டல் சமையல்காரர், வேன் டிரைவர், பாட்டு டீச்சர் எல்லோரிடமும். மூன்றாவதுதான் விடைபெறுவது. மனிதர்களிடம், இடங்களிடம், வளர்த்த நாய் பூனையிடம், எடுத்துப் போக முடியாத சாமான்களிடம். சைக்கிளைத் தெரியாமல் விற்றுவிடாதீர்கள். யாருக்குக் கொடுப்பது என்று குழந்தையே முடிவு செய்யட்டும். நாலாவது, போகிற ஊரை நினைத்துப் பார்ப்பது. குளிருமா, யார் அழைக்க வருவார்கள், மதியச் சாப்பாட்டுக்கு என்ன.

இதில் நமக்கு ஒரு சிக்கல். நாம் "போறேன்" என்றே சொல்வதில்லை. அபசகுனம். "போயிட்டு வர்றேன்" என்றுதான் வாயில் வரும். அழகான வழக்கம், விட வேண்டாம். ஆனால் ஆறு வயசுக் குழந்தை அதை அப்படியே நம்பும். "எப்போ வருவோம்?" என்று கேட்டால் "சீக்கிரம்" என்று மழுப்பாதீர்கள். மூன்று வருஷம் என்றால் மூன்று வருஷம். "நீ நாலாவது படிக்கும்போது லீவுக்கு வருவோம்" என்றால் அதற்குப் புரியும். "வீடியோ காலில் தினமும் பேசலாமே" என்பதும் அவசர சமாதானம்தான். போன் பேசலாம், நல்லது. ஆனால் அது விடைபெற்ற பிறகு.

அழுதால் அழட்டும். கூட உட்கார்ந்து நீங்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டால் தப்பில்லை. புது ஊர் போய்ப் பல வாரங்கள் ஆகியும் சரியாகச் சாப்பிடாமல், தூங்காமல், தினமும் பள்ளி நேரத்துக்கு வயிற்றுவலி என்று சுருண்டு படுத்தால், "நடிக்கிறான்" என்று அதட்டாதீர்கள். அந்த வலி நிஜம். குழந்தைகள் டாக்டரிடம் காட்டுங்கள், விட்டுவந்த சிநேகிதர்களைப் பற்றியும் அவரிடம் சொல்லுங்கள்.

கடைசி வாரத்தில் ஒரு மாலையை ஒதுக்கி, குழந்தையைத் தனக்குப் பிடித்த இடங்களுக்கெல்லாம் கூட்டிப்போகச் சொல்லுங்கள். வழிகாட்டி அதுதான், நீங்கள் பின்னால் நடந்தால் போதும். ஞாபகத்துக்கு எதையாவது பொறுக்கினால் மட்டும் ஒரு எச்சரிக்கை: விதை, மண், இலைகளை ஆஸ்திரேலியா போன்ற நாடுகளின் விமான நிலையத்தில் பிடுங்கிவிடுவார்கள். பைன் காயைத் தோழியிடம் கொடுத்துவிட்டு, இரண்டு பேரையும் நிற்கவைத்து ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.