முகூர்த்தம் எத்தனை மணிக்கு?

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குச் செல்வோர் பெரும்பாலும் இருபது கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட பிரதான மலைப்பாதையையே நாடுவார்களாயினும், மண்சரிவினால் அது அடைபடும் நாட்களில் வண்டிகளுக்கெல்லாம் உபகாரம் செய்வது குப்பனூர் வழியாக ஏறும் மற்றொரு பாதைதான். அவ்வழியே சித்திரை மாதத்து விடியற்காலை ஒன்றில் சென்றபோது, அடிவாரத்துத் தோட்டமொன்றில் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பெண்கள் குண்டுமல்லி மொட்டுப் பறித்துக்கொண்டிருக்கக் கண்டு, வண்டியை நிறுத்தி, எங்கள் வீட்டில் நடக்கவிருந்த விவாகத்துக்கு எந்தப் புஷ்பம் உசிதமென்று அவர்களில் மூத்தவளை விசாரித்தேன்.

"முகூர்த்தம் எத்தனை மணிக்குன்னு மொதல்ல சொல்லுங்க சாமி, பூவை அப்புறம் பேசலாமுங்க" என்றாள்.

நிறத்தையும் விலையையுமே யோசித்துக்கொண்டிருந்த எனக்கு அது புதிய பாடம். விடியுமுன் மொட்டாகப் பறிக்கப்பட்டு, அந்தி சாய்ந்தபின் கட்டவிழ்ந்து, இரவெல்லாம் பரிமளித்து, மறுநாள் காலையில் பழுப்பேறத் தொடங்குவது குண்டுமல்லியின் சுபாவம். ஆகவே மாலை வரவேற்புக்கு அன்று விடியலில் பறித்த மொட்டைத் தொடுத்துவிட்டால், மணப்பெண் மேடையேறும் வேளைக்கு அது தானாகவே மலர்ந்து மணக்கும். அதே சரத்தை மறுநாள் காலை முகூர்த்தத்துக்கும் வைத்துக்கொள்வோம் என்று சிக்கனம் பார்ப்பவர்களுக்கு வாடிய பூவே மிஞ்சும். காலை முகூர்த்தத்துக்கு அன்றைய மொட்டே வேண்டும். மூடிய மொட்டில் வாசனை அதிகமிராதுதான். ஆனால் பூ ஜடையில் வரிசை பிசகாமல் அடுக்கித் தைப்பதற்கு அதுவே தோதானது. வாசனைக் குறைவை இடையிடையே செருகும் மரிக்கொழுந்து ஈடுசெய்யும். வாசமே அறியாத கனகாம்பரம் நிறத்தைக் கொடுக்கும்.

இளவேனிற் கல்யாணத்துக்கு மல்லிகை வாய்ப்பது தற்செயலன்று. நவம்பர் இறுதியில் கவாத்து செய்யப்பட்ட செடி, பனிக்காலத்தைக் கடந்து துளிர்விட்டு, மார்ச் மாதத்திலிருந்து பூத்துக் குலுங்குகிறது. மார்கழியிலும் தையிலும் பனியினால் பூ அருகி, விலை கேட்டாலே மலைக்கவைக்கும் அதே மல்லி, சித்திரை வைகாசியில் கூடைகூடையாக வந்திறங்கும். மாலைக்குச் சம்பங்கி இருக்கிறது. ஏறக்குறைய ஆண்டு முழுவதும் கிடைக்கும். பனமரத்துப்பட்டிப் பக்கத்து அரளியோ கோயிலுக்குப் போகிற பூ.

சாமந்தியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் நான் மோசம்போனது அதில்தான். இரவு நீண்டு பகல் குறுகும் பருவத்தில்தான் சாமந்தி இயல்பாக மொட்டுக்கட்டும்; கோடை அதன் காலமன்று. இதை அறியாமல், பந்தலுக்கு மஞ்சள் சாமந்திதான் வேண்டுமென்று பிடிவாதம் பிடித்து, முன்பொரு சித்திரைக் கல்யாணத்துக்கு வெளியூர் வியாபாரி ஒருவரிடம் முன்பணம் கொடுத்தேன். பஸ்ஸின் மேற்கூரையில் வெயிலில் வெந்து வந்து சேர்ந்த மூட்டையை அவிழ்த்தபோது, பாதிப் பூ இதழ் இதழாக உதிர்ந்து கிடந்தது. அன்று பந்தலின் மானத்தைக் காத்தவை மாவிலையும் தென்னங்குருத்துமே.

சேர்வராயன் மலைமேல் வேறொரு விசேஷம். மார்ச், ஏப்ரல் மாதங்களில் ஒரு நல்ல மழை பெய்து சில நாட்கள் சென்றதும், காப்பித் தோட்டங்களில் கிளைதோறும் வெள்ளைப் பூ அப்பிக்கொள்ளும். புதிதாக வருகிறவர்கள் பக்கத்தில் எங்கோ மல்லிகைப் பந்தல் இருப்பதாக எண்ணித் தேடுமளவுக்கு மணக்கும். இரண்டு மூன்று நாட்களில் வாடிவிடும் அந்தப் பூவை எந்தப் பெண்ணும் தலையில் சூடுவதில்லை. ஒவ்வொரு பூவும் பின்னால் ஒரு காப்பிப் பழமல்லவா, தோட்டக்காரர் சும்மா விடுவாரா?

திரும்பும்போது அதே தோட்டத்தில் நின்று, முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் என்று அந்த அம்மாளிடம் சொன்னேன். விரலை மடக்கிக் கணக்குப் பார்த்தாள்.

"அப்படின்னா மூணு மணிக்கே ஆளை அனுப்பிருங்க. வாழைநாரை மட்டும் முந்தின ராத்திரியே ஊறப்போட்டு வைங்க சாமி."